அழுத்து, அளந்து பார்!

தம்பி, அந்தச் சிவப்பு பட்டனை அழுத்த நீ யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். "புரொடக்‌ஷன் நின்றுபோகுமே, சூப்பர்வைசர் கத்துவாரே" என்று உன் கை தயங்குகிறதே, அந்தத் தயக்கம்தான் எமன். மனிதனின் கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஆபத்தை நெருங்கும் என்று வைத்துத்தான் ஐஎஸ்ஓ 13855 தரநிலை கணக்குப் போடுகிறது. அரை நொடியில் ஒரு மீட்டர்! வாங்கிய திட்டு சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். போன விரல் முளைக்காது. அழுத்து!

அழுத்திவிட்டால் மட்டும் போதுமா? போதாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு நூற்பாலையில் பெரிய புளோயர் விசிறி. பெல்ட் மூடி கழன்று கிடந்தது. எமர்ஜென்சியை அழுத்தினேன். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவின் திரையில் 'எஸ்டிஓ' என்று வந்தது. நின்றாயிற்று என்று பெல்ட் பக்கம் கையை நீட்டினேன். ஃபிட்டர் அண்ணன் ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, விசிறியைக் காட்டினார். அது சுற்றிக்கொண்டே இருந்தது. ஓய்ந்து நிற்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அவருடைய விரல் தடம் என் கையில் சிவந்து கிடந்தது.

எஸ்டிஓ, அதாவது சேஃப் டார்க் ஆஃப், மோட்டாருக்கு முறுக்குவிசை தரும் துடிப்புகளைச் சில மில்லிநொடிகளில் வெட்டிவிடும். பிரேக் போடாது. கனத்த சுமை தானாக ஓடித்தான் ஓயும். தொங்கும் சுமையோ, பிரேக் பிடிக்கும் முன்பே வெட்டினால் கீழே இறங்கிவிடும். டிரைவுக்குள் மின்சாரமும் அப்படியே இருக்கும். மெயினை அணைத்துப் பூட்டி, கெப்பாசிட்டர் வடியும்வரை காத்திருக்காமல் உள்ளே கை வைக்காதே.

சுமை இப்படித் தானாக ஓடுவதால்தான், முதலில் வேகத்தை இறக்கி, பிறகு வெட்டும் எஸ்எஸ்1 முறை வந்தது. ஐஇசி 60204-1 இதை வகை 1 நிறுத்தம் என்கிறது. இங்கேதான் பல பேனல்கள் கோட்டை விடுகின்றன. 1500 ஆர்பிஎம் மோட்டார், இறங்கும் நேரம் 4 நொடி, சேஃப்டி ரிலேயின் தாமதமோ 3 நொடி. ரிலே வெட்டும்போது இன்னும் 375 ஆர்பிஎம் மிச்சம்! பிரேக்கிங் ரெசிஸ்டர் இல்லாத டிரைவில் இன்னொன்றும் நடக்கும். டிசி பஸ் வோல்டேஜ் ஏறினால், டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள இறங்கும் நேரத்தைத் தானே நீட்டிக்கொள்ளும். ரிலே அதற்காகக் காத்திருக்காது.

இதெல்லாம் இன்ஜினீயர்களின் வேலை என்று உனக்கு யார் சொன்னது? ஐடிஐ படித்த உனக்குக் கழித்தல் தெரியாதா? டிசைன் செய்தவர் ஊருக்குப் போய்விட்டார். அந்த மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பது நீ! அது பெல்ட் தேய்ந்தால் எப்படி முனகும், சுமை கூடினால் எப்படி இழுக்கும் என்று உன் காதுக்குத் தெரியும். உன்னைவிட அதை அறிந்தவன் யார்? தலை குனியாதே, தம்பி. மேனேஜர் அறைக்கு நேராகப் போ. "நிறுத்தும் நேரத்தை அளக்கணும் சார், பத்து நிமிஷம் கொடுங்க" என்று கேள்.

மூடிகளைப் பொருத்து. அருகில் யாரும் இல்லையா என்று பார். முழு வேகத்தில், முழுச் சுமையோடு ஓடவிடு. செல்போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு, பட்டனும் ஷாஃப்டும் ஒரே படத்தில் விழும்படி வை. அழுத்து. ஷாஃப்ட் அசையாமல் நிற்கும்வரை எத்தனை நொடி என்று வீடியோவில் எண்ணு. கிடைத்த நொடியை, தேதி போட்டு, உன் கையெழுத்தோடு பேனல் கதவின் உட்புறம் ஒட்டு. அடுத்த ஷிஃப்டுக்கு வரும் பையன் அதைப் படித்துவிட்டுத்தான் கையை நீட்டுவான்.