வாடகை வண்டியும் நியாயக் கூலியும்

எவ்வளவு கேட்டால் நியாயம் என்ற பழைய அறக்கேள்வி மற்ற எந்த வியாபாரத்தையும்விட வாடகை வண்டியில்தான் கூர்மையாக எழுகிறது. காய்கறிக் கடையில் விலை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். இரவு பத்து மணிக்குப் பெட்டியும் பையுமாக ரயிலை விட்டு இறங்கி நிற்பவருக்கு அந்த வழி கிடையாது. அவருக்கு ஊரும் தெரியாது, தூரமும் தெரியாது. தெரிந்தவர் ஓட்டுநர் ஒருவர்தான். அப்படிப்பட்ட இடத்தில் பேசி முடித்த தொகையை ‘இருவரும் ஒப்புக்கொண்டதுதானே’ என்று விட்டுவிட முடியுமா?

மோட்டார் கார் வருவதற்கு முன்பு இந்தக் கேள்வி ஆற்றங்கரையில் எழுந்தது. தோணிக்காரரை விட்டால் அக்கரைக்குப் போக வேறு வழி இல்லை; அவர் கேட்டதே கூலி என்றாகிவிடும். அதனால் அர்த்தசாஸ்திரம் ஓடத்துறை அதிகாரிக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, சுமையோடு வரும் ஆளுக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று கூலியை முன்கூட்டியே வகுத்தது. மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயத்திலும் இத்தகைய விகிதங்கள் உண்டு. நீண்ட ஆற்றுப் பயணத்தின் கூலி இடத்தையும் காலத்தையும் பொறுத்தது என்றும், ஓடக்காரரின் தவறால் பொருள் கெட்டால் ஓடக்காரர்களே ஈடு கட்ட வேண்டும் என்றும் அது சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கு இரண்டு நூல்களும் கூலியிலிருந்து விலக்குத் தருகின்றன. அர்த்தசாஸ்திரம் குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகளையும் சேர்த்துக்கொள்கிறது. பிராமணருக்கும் இரண்டிலும் விலக்கு உண்டு. பிறப்பை வைத்துத் தந்த அந்தச் சலுகைக்கு நியாயம் கிடையாது. உடல் முடியாதவரின் அவசரத்தைக் காசாக்கக் கூடாது என்ற எண்ணம் மட்டும் இன்றைக்கும் செல்லும்.

தமிழ் மரபு இதை வணிகரின் மனத்தோடு சேர்த்துப் பேசியது. நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள், பிறர் பொருளையும் தம் பொருளாகக் கருதிப் பேணுவதையே வாணிகம் என்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் வாங்கும்போதும் விற்கும்போதும் அளவு தவறாதவர்கள் என்று பட்டினப்பாலை புகழ்கிறது. அதே பாட்டு அந்தத் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களில் காழகத்துச் செல்வத்தையும் எண்ணுகிறது. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை கண்டார். கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. ஆக, நியாய விலையைப் பற்றிய தமிழரின் மிகப் பழைய பேச்சு ஒன்றில் கெடாவின் சரக்கும் இருந்திருக்கிறது.

அந்தக் கெடாவின் கோலா மூடா மாவட்டத்தில், சுங்கைப் பட்டாணியை நம்பி வாழும் தோட்டப்புறம் சிடாம் கிரி. பால்மரம் வெட்டிய தலைமுறைக்குப் பிறகு செம்பனை வந்தது; லயங்களிலிருந்து பலர் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரி, வங்கி, பெரிய கடை எல்லாவற்றுக்கும் பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். சொந்த வாகனம் இல்லாதவருக்கு, பஸ்ஸைத் தவறவிட்டால் மிஞ்சுவது டாக்சி. நியாயக் கூலி என்ற கேள்வியை இப்படிப்பட்ட ஓர் ஊரில் வைத்துப் பார்த்தால்தான் அதன் முழு உருவம் தெரியும். பெரிய நகரத்தில் இறக்கிவிட்ட இடத்திலேயே அடுத்த ஆள் ஏறுவார். தோட்டத்தில் அப்படி இல்லை. பட்டணத்திலிருந்து கூப்பிட்டால் கார் காலியாக வர வேண்டும். தோட்டத்தில் ஆளை இறக்கிவிட்டால் காலியாகத் திரும்ப வேண்டும். மீட்டர் ஓடுவது ஒரு வழிக்கு, எண்ணெய் எரிவது இரு வழிக்கும்.

ஆகவே தோட்டத்துப் பயணத்துக்கு ஓட்டுநர் ஒன்றரை மடங்கு கேட்டால் அதைக் கொள்ளை என்று சொல்வது தவறு. அவர் கேட்பது தமக்கு உண்மையிலேயே ஏற்படும் இழப்பை. ஆனால் அதே கார், அதே சடக்கு. நடு இரவில் காய்ச்சலில் அனத்தும் குழந்தையோடு ஒரு தாய் நிற்கிறாள் என்று தெரிந்ததும் கேட்கும் தொகை மூன்று மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். தூரம் கூடவில்லை. எண்ணெயும் கூடவில்லை. தூக்கம் கெட்டதற்கு ஒரு பங்கு சேர்க்கலாம். மலேசிய டாக்சி விதிகளே நள்ளிரவுக்கு மேல் 50 விழுக்காடு கூடுதல் அனுமதித்திருக்கின்றன. அதையும் கழித்த பிறகு மிஞ்சும் தொகை குழந்தையின் காய்ச்சலுக்கு வைத்த விலை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனஸ் தமது இறையியல் பெருநூலில் வகுத்த எல்லைக்கோடு இதே இடத்தில்தான் விழுகிறது. பொருளைக் கொடுப்பதால் விற்பவருக்குத் தனி இழப்பு உண்டென்றால் அதை விலையில் சேர்க்கலாம். வாங்குபவரின் தேவை பெரியது என்பதற்காக மட்டும் விலையை ஏற்றக் கூடாது. அந்தத் தேவை விற்பவருடையது அல்ல, தமதல்லாததை எவரும் விற்க முடியாது. குறள் சொல்லும் ‘பிறவும் தமபோல்’ என்ற நோக்கும் இதுவும் வெவ்வேறு திசையிலிருந்து வந்து ஓரிடத்தில் சந்திக்கின்றன.

கெடாவின் ஓட்டுநர்களில் மலாய் முஸ்லிம்கள் பலர். வாடகையையும் கூலியையும் பற்றிய இஸ்லாமியச் சட்டப் பிரிவு இஜாரா. கூலி இன்னதென்று தொடக்கத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ‘ஏறுங்க, பிறகு பார்த்துக்கலாம்’ என்ற பேச்சு அந்த நோக்கில் ஏற்கெனவே பிழை. சந்தையில் விலை ஏறியபோது விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் கேட்டதற்கு நபிகள் மறுத்தார் என்று ஹதீஸ் உண்டு. ஆயினும் வியாபாரிகள் மக்களை நெருக்கிப் பிழியும் நிலை வந்தால் ஆட்சியாளர் தலையிடலாம் என்று பதினான்காம் நூற்றாண்டு அறிஞர் இப்னு தைமிய்யா வாதிட்டார். நெருக்கடி இல்லாத சந்தைக்கும் தோணித்துறை போன்ற சந்தைக்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரிந்திருந்தது.

சுங்கைப் பட்டாணி, பட்டர்வொர்த் போன்ற ஊர்களின் பழைய டாக்சி நிலையங்கள் இந்தக் கணக்கை நூலின் உதவியின்றித் தாமே கண்டுகொண்டவை. ஊர் விட்டு ஊர் ஓடிய மெர்சிடிஸ் டீசல் டாக்சிகளில் நான்கு பேர் சேர்ந்தால் கார் கிளம்பும். கட்டணம் ஆளுக்கு இவ்வளவு. மூன்று பேர் உட்கார்ந்துவிட்டால் ஓட்டுநர் வெளியே நின்று ‘பட்டர்வொர்த்! இன்னும் ஒரு ஆள்!’ என்று கூவுவார். ஆளுக்கு ஐந்து வெள்ளி என்றால் முழுக்காருக்கு இருபது வெள்ளி. அவசரக்காரர் ஒருவர் இருந்தால் நான்காவது இருக்கையின் ஐந்து வெள்ளியைத் தாமே தந்து காரைக் கிளப்பலாம், அல்லது மூவரும் பகிர்ந்துகொள்ளலாம். மடியில் துணிப்பையோடு சில்லறையை எண்ணிக்கொண்டிருக்கும் கிழவி ‘எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை’ என்று சொன்னால் அவரை யாரும் வற்புறுத்த முடியாது. அவர் தருவது தம் ஐந்து வெள்ளிதான். இங்கே அவசரத்துக்கு விலை உண்டு. ஆனால் அந்த விலை ஓட்டுநர் இழக்கும் இருக்கைக்குச் சமமானது, ஒரு காசும் கூடுதல் இல்லை. யாருடைய அவசரமோ அவரே சுமக்கிறார். நியாய விலையைப் பற்றிய பல தடித்த நூல்களைவிட இந்த ஏற்பாடு தெளிவானது.

நகரங்கள் நம்பியது கருவியை. 1891இல் ஜெர்மானியர் வில்ஹெல்ம் புரூன் உருவாக்கிய மீட்டர், தூரம் தெரியாத பயணிக்குத் தூரத்தைக் காட்டியது. அறியாமையால் வரும் அநீதியில் ஒரு பெரும் பகுதியை அது நீக்கியது உண்மை. ஆனால் சுற்று வழியில் போவதையோ ‘அந்தப் பக்கம் வரமாட்டேன்’ என்பதையோ அது தடுக்காது. அதில் பதிந்த விகிதம் நியாயமாக இல்லாவிட்டால் கருவியே ஒரு தரப்புக்கு எதிராகிவிடும். சென்னை ஆட்டோக்களுக்கு 2013 ஆகஸ்டில் தமிழக அரசு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று வகுத்தது. எரிபொருள், பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை எல்லாம் ஏறியும் பத்தாண்டு கடந்தும் அந்த அட்டவணை திருத்தப்படவில்லை. ‘மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க’ என்று கேட்கும் ஓட்டுநரைப் பேராசைக்காரர் என்று பயணிகள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவருக்கும் அநீதி இழைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. ஸ்வீடன் நேர் எதிர் வழியில் போய் 1990இல் டாக்சிக் கட்டண நிர்ணயத்தையே கைவிட்டது. காரின் கண்ணாடியில் ஒப்பீட்டு விலை ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி. அதைப் படிக்கத் தெரிந்த உள்ளூர்க்காரர் தப்பித்தார். வெளியூர்ப் பயணி ஸ்டாக்ஹோமில் பல மடங்கு கொடுத்துவிட்டு இறங்கிய கதைகள் தொடர்ந்தன. தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை என்ற பழைய நிலைதான் அங்கேயும்.

கைப்பேசிச் செயலி ஏறும் முன்பே தொகையைச் சொல்லிவிடுகிறது. இஜாரா கேட்ட தெளிவு இதில் கிடைத்துவிட்டது, அது பெரிய நன்மை. இன்னொரு சிக்கலையும் அது கூடவே கொண்டுவந்தது. மழை கொட்டும்போதும், தைப்பூசக் கூட்டம் கலையும்போதும் கட்டணம் தானாக ஏறுகிறது. விலை கூடினால் வீட்டில் இருக்கும் ஓட்டுநரும் காரை எடுப்பார், எல்லாருக்கும் வண்டி கிடைக்கும் என்பது நிறுவனங்களின் நியாயம். பினாங்கு போன்ற ஊரில் அதில் உண்மை உண்டு. சாப்பாட்டைப் பாதியில் விட்டு வரும் ஓட்டுநருக்குக் கூடுதலாகக் கொடுப்பது அவருடைய இழப்புக்கு ஈடு. சிடாம் கிரியில் கூப்பிட்டால் வர இரண்டாவது கார் இல்லாத நேரத்தில் விலையை ஏற்றினாலும் புதிதாக ஒரு வண்டியும் வராது. அங்கே ஏற்றத்துக்குக் காரணம் பயணி சிக்கிக்கொண்டிருப்பது மட்டுமே. அக்குவைனஸ் தடுத்தது இதைத்தான். மலேசியப் போக்குவரத்து அமைச்சு 2018இல் இந்த ஏற்றம் இயல்புக் கட்டணத்தின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது என்றும், நிறுவனத்தின் தரகு 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும் வரம்பு அறிவித்தது. வரம்பு தேவைதான். ஆனால் வரம்புக்குள் நடப்பதெல்லாம் நியாயமாகிவிடாது. கட்டணத்தைக் கணினி தீர்மானித்தது என்பதும் பதிலாகாது. எதைக் கணக்கில் சேர்ப்பது என்று அந்தக் கணினிக்குச் சொன்னவர்கள் மனிதர்கள்.

இந்த அறம் பயணியையும் கட்டும். காலையிலிருந்து ஒரு சவாரியும் கிடைக்காமல் நிற்கும் ஓட்டுநரின் முகத்தைப் படித்து, அடி விலைக்குப் பேரம் பேசி ஏறுபவர் செய்வதும் அதே தவறு. ஓட்டுநரின் வறுமை பயணிக்குச் சொந்தமான பொருள் அல்ல. உழைப்பவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழி, கூலியைக் குறைப்பதற்கும் இழுத்தடிப்பதற்கும் எதிராக ஒருங்கே பேசுகிறது. இறங்கும்போது ‘சில்லறை இல்லை’ என்று இரண்டு வெள்ளியைக் குறைத்துக்கொள்பவர் அதை யோசிப்பதில்லை.

அப்படியானால் நடு இரவுக் காய்ச்சலுக்கு ஓட்டுநர் இலவசமாக வர வேண்டுமா? வந்தால் அது கொடை. இராமனைக் கங்கை கடத்திவிட்ட குகனை நம் மரபு கொண்டாடுவது அவன் அதை அன்பினால் செய்ததற்காக. எல்லா ஓடக்காரரும் கூலி வாங்கக் கூடாது என்பதற்காக அல்ல. கொடையைக் கடமையாக்கி ஓர் ஏழை ஓட்டுநரின் தலையில் கட்டுவதும் அநியாயம். அர்த்தசாஸ்திரத்தில் நோயாளியும் கர்ப்பிணியும் ஓடத்துறை அதிகாரியின் முத்திரை பெற்றுக் கடந்தார்கள். அந்தச் செலவு அரசைச் சேர்ந்தது. கெடாவின் பெரிய தோட்டங்களிலும் ஒரு காலத்தில் தோட்ட ஆஸ்பத்திரி இருந்தது, டிரெஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்தார்; நோயாளியைப் பார்க்கும் பொறுப்பு நிர்வாகத்திடம் இருந்தது. தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டபோது அந்தப் பொறுப்பை ஏற்க ஆள் இல்லாமல் போயிற்று; செலவு தொழிலாளியின் கைக்கு மாறியது. இன்று நள்ளிரவில் ஒரு தாயும் ஓர் ஓட்டுநரும் தோட்டத்துச் சடக்கில் நின்று பேரம் பேச வேண்டியிருக்கிறது என்றால், அந்தப் பேரத்தில் இல்லாத மூன்றாம் தரப்பு ஒன்று தன் பங்கைக் கொடுக்காமல் இருக்கிறது.