கையொப்பமும் மனச்சான்றும்

ஒரு கட்டடம் மண்ணில் எழுவதற்கு முன்னர்த் தாளில் எழுகின்றது. நில உரிமையாளரின் விண்ணப்பம், நில அளவையாளரின் வரைபடம், பொறியாளரின் கணக்கு, தீயணைப்புத் துறையின் கருத்து, வடிகால் துறையின் நிபந்தனை, இறுதியில் ஊராட்சி மன்றத்தின் முத்திரை என அடுக்கப்பட்ட தாள்களே அதன் முதல் அடித்தளம். சிமெண்டும் இரும்பும் பின்னரே வருகின்றன. தாளில் நேர்ந்த பிழை கல்லில் நிலைத்துவிடும். ஆதலின், ‘அனுமதி’ என்னும் சொல் அலுவலகத்துக்கு மட்டும் உரியதன்று, அறத்திற்கும் உரியதாகும். சட்டப்படி அனுமதி பெற்ற ஒரு செயல் அக்காரணத்தாலேயே நேர்மையான செயல் ஆகிவிடுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா.

பினாங்குத் தீவு இவ்வினாவை நாள்தோறும் எழுப்பிக்கொண்டிருக்கும் ஊர். ஒருபுறம் கடல், மறுபுறம் குன்று. இடையே குறுகிய நிலம். ஜார்ஜ்டவுனில் 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833இல் எழுந்த குயின் தெரு மகாமாரியம்மன் ஆலயமும், சீனர் வழிபடும் கருணைத் தேவி கோயிலும், 1818இல் கட்டப்பெற்ற புனித ஜார்ஜ் தேவாலயமும் சிறிது தொலைவு நடப்பதற்குள் அடுத்தடுத்துக் காட்சி தருகின்றன. அவற்றிற்கு அப்பால், 65 மாடிகளுடன் கட்டப்பெற்ற கொம்தார் கோபுரம் நிற்கின்றது. இத்தகைய ஊரில் ஒருவர் எழுப்பும் சுவர் மற்றொருவரின் வெயிலையும் காற்றையும் வழிபாட்டையும் தொடாமல் இருப்பதில்லை. 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரானது; அக்காலத்தில் டி. எஸ். இராமநாதன் அதன் மேயராக விளங்கினார். அந்நாளில் மன்றத்தினரை மக்களே தேர்ந்தெடுத்தனர். 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதன்பின் மன்ற உறுப்பினர்கள் நியமனம் பெறுவோராயினர். அனுமதி வழங்குவோரை அதன் விளைவைச் சுமப்போர் வாக்குச் சீட்டினால் வினவ இயலாத நிலையில், வழங்குவோரின் மனச்சான்றுக்குப் பொறுப்பு மிகுதியாகின்றது.

மலேசியாவில் இப்பொறுப்பைப் பற்றிய மிகக் கசப்பான பாடம் உலு கிள்ளானில் கிடைத்தது. 1993 டிசம்பர் 11ஆம் நாள், ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி வீடுகளின் மூன்று கட்டடங்களுள் ஒன்று சரிந்து 48 உயிர்கள் மாய்ந்தன. பின்புறக் குன்றிலிருந்து வந்த நீர் முறையாக வடிந்தோட வழியின்றி மண்ணை நெகிழச் செய்தது, தடுப்புச் சுவர்கள் விழுந்தன, கட்டடம் சாய்ந்தது. பின்னர் நடந்த வழக்கில் ஓர் உண்மை வெளிப்பட்டது. திட்டத்தில் காட்டப்பட்ட வடிகால் பணிகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே முடிந்திருந்த நிலையில், பணி நிறைவுற்றதாகப் பொறியாளர் உறுதி கூறியிருந்தார். குடிபுகுவதற்கான சான்றிதழும் கிடைத்தது. மக்கள் அத்தாளை நம்பிக் குடியேறினர்.

வழக்கு 2006இல் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிவுற்றது. 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, கட்டடத் திட்டங்களைச் சோதித்து அனுமதித்தமைக்காக ஊராட்சி மன்றத்தின்மீது வழக்குத் தொடுக்க இடந்தரவில்லை. எனவே நகராண்மைக் கழகம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்பது தீர்ப்பு. இச்சட்டப் பாதுகாப்பிற்கு நியாயமே இல்லை எனக் கூறிவிட முடியாது. ஒவ்வோர் அனுமதிக்கும் இழப்பீடு கோரலாம் என்றால், வரிப்பணம் முழுவதும் வழக்கிலேயே கரையும். கையொப்பமிட எவரும் துணியார். ஆயினும், சட்டம் ஒருவரை வழக்கிலிருந்து விடுவிக்கலாமேயன்றிப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை. ‘என்மீது வழக்கில்லை’ என்பதும் ‘என்மீது குற்றமில்லை’ என்பதும் ஒன்றல்ல.

தமிழ் மாணவர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. சிலப்பதிகாரத்துப் பாண்டியனும் ஒருவகையில் தாள் பார்த்துக் கையொப்பமிட்டவனே. பொற்கொல்லன் அத்துறையில் வல்லவன், அவன் சொன்னான், அரசன் நம்பினான். சொன்னவனுக்கே அதில் ஆதாயம் உண்டு என்பதை அவன் வினவவில்லை. அரசியின் ஊடலைத் தீர்க்கும் விரைவில் ஆணை பிறந்தது. பின்னர்க் கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப்பரல் தெறித்தபோது, ‘வல்லுநர் கூற்றை நம்பினேன்’ என்று சொல்ல அவனுக்கு வழியிருந்தது. அவன் அதனைச் சொல்லவில்லை. தவறு தன்னுடையதே என ஏற்று உயிர் துறந்தான். அப்பாண்டியனைத் தமிழுலகம் இன்றும் இகழாமல் இரங்கி நினைப்பதற்கு அந்த ஏற்பே காரணம்.

இக்கதை இக்காலத்துக்கும் பொருந்துகின்றது. 2007 முதல் மலேசியாவில் கட்டடம் குடிபுகத் தக்கது என்னும் சான்றிதழை ஊராட்சி மன்றத்திற்குப் பதிலாகத் திட்டத்திற்குப் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. காலதாமதம் குறைந்தது, வீடு வாங்கியோர் சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் துன்பம் தணிந்தது. இவை நன்மைகளே. ஆயினும், சான்று வழங்குபவர் மேம்பாட்டு நிறுவனத்திடம் ஊதியம் பெறுபவர். அவருடைய நேர்மையே அம்முறையின் தூண். தூண் உறுதியாயின் வீடு நிற்கும்.

இனி, கட்டடம் உறுதியாக நின்றும் அறம் ஐயத்துக்குள்ளாகும் நிலை ஒன்றுண்டு. பினாங்கின் குளுகோர் வட்டாரத்தில் கம்போங் புவா பாலா என்னும் தமிழர் சிற்றூர் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தோர் மாடும் ஆடும் வளர்த்தனர். பொங்கலன்று அவற்றை அலங்கரித்துக் கொண்டாடினர். அந்நிலம் அரசு ஊழியர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு மாற்றப்பட்டு, வீடமைப்புத் திட்டத்திற்கு உரியதாயிற்று. குடியிருந்தோர் நீதிமன்றம் சென்றனர். 2009இல் கிடைத்த இறுதி முடிவு அவர்களுக்குச் சாதகமாக அமையவில்லை. அவ்வாண்டிலேயே வீடுகள் இடிக்கப்பட்டன. ஈடாக மாடிவீடு தருவதாகப் பேசப்பட்டது, பலர் ஏற்றனர். முந்தைய ஆட்சி ஒப்புதல் தந்தது என்று ஒரு சாராரும், பிந்தைய ஆட்சி தடுத்திருக்கலாம் என்று மறு சாராரும் வாதிட்டனர். அவ்வாதத்தில் எவர் வென்றாலும் மாட்டுக்கொட்டில் மீளப் போவதில்லை. வீட்டுக்கு விலை குறிக்கலாம்; ஒரு கூட்டு வாழ்க்கைக்கு விலை குறிக்க எந்த மதிப்பீட்டாளராலும் இயலாது. சட்டம் பட்டாவைக் கேட்கின்றது. அறமோ, நெடுங்காலம் வாழ்ந்தோரை முடிவெடுக்கும் முன்னரே அழைத்துப் பேசினீர்களா எனக் கேட்கின்றது.

ஒருமுறை தந்த அனுமதியை மாற்றலாமா என்பது அடுத்த வினா. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு முன்னரே ஒப்புதல் பெற்றிருந்த நான்கு தங்குவிடுதித் திட்டங்கள் மரபுப் பகுதிக்குரிய 18 மீட்டர் உயர வரம்பை மீறுவன என்னும் சிக்கல் அவ்வாண்டே எழுந்தது. கொடுத்த வாக்கைக் காப்பது அறம். முன்னோர் விட்டுச்சென்ற நகரைப் பின்னோருக்குக் காப்பதும் அறம். இரண்டு அறங்கள் மோதும்போது கூடிப் பேசி உயரத்தைக் குறைப்பதே வழியாகக் காணப்பட்டது. அனுமதி தருமுன் சற்று நிதானித்திருந்தால் அம்மோதலே எழுந்திராது.

‘ஏழைக்கு வீடு வேண்டாவா? விதிகளைப் பெருக்கினால் வீட்டின் விலை ஏறாதா?’ எனக் கேட்போர் உளர். கேள்வி நேர்மையானது. 2017 அக்டோபர் 21ஆம் நாள் தஞ்சோங் பூங்காவில் மண் சரிந்த இடத்தில் எழுந்துகொண்டிருந்தவையும் கட்டுப்படியான விலையில் வழங்கப்படவிருந்த வீடுகளே. அங்கு மண்ணுள் புதையுண்டு மாண்டோர் 11 பேர். பெரும்பாலோர் அயல்நாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர். எந்த விண்ணப்பத்திலும் அவர்கள் பெயர் இல்லை. எந்தக் கூட்டத்திலும் அவர்களின் கருத்துக் கேட்கப்படவில்லை. எளியோர்க்கு வீடு கட்டும் நன்னோக்கம், கட்டும் எளியோரின் உயிரை மறக்க உரிமை தந்துவிடாது. விரைவு நல்லதே, ஆனால் விரைவிற்கான விலையைச் செலுத்துபவர் யார் என்பது முதலில் தெரிய வேண்டும்.

ஆகவே, கையொப்பமிடுவோர் தம்மைத் தாமே வினவிக்கொள்ளத்தக்கவை மூன்று. இத்தாளில் உள்ளதை நேரில் கண்டேனா, அன்றிப் பிறர் சொல்லை நம்புகின்றேனா? இதனால் ஆதாயம் பெறுபவரின் கூற்றைத் தவிர வேறு கூற்றைக் கேட்டேனா? இக்கட்டடத்தின் கீழ் என் பிள்ளை உறங்குவதாயினும் இவ்வாறே ஒப்பமிடுவேனா? இம்மூன்றும் எச்சட்டத்திலும் எழுதப்படவில்லை. எழுதினும் இவற்றைச் சோதித்தறியும் அதிகாரி இல்லை.

அத்தகைய மனிதர் அலுவலகத்தில் திடீரெனத் தோன்றுவதில்லை. வகுப்பறையிலேயே உருவாகின்றனர். செய்யாத பாடத்தைச் செய்ததாகக் காட்டும் மாணவனையும், படிக்காத கட்டுரைக்கு மதிப்பெண் இடும் ஆசிரியரையும் பள்ளி பொறுத்துக்கொள்ளுமாயின், கட்டப்படாத வடிகாலுக்குச் சான்றளிக்கும் பொறியாளரைக் கண்டு பின்னர் வியப்பதில் பொருளில்லை. சிலப்பதிகாரத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல், பாண்டியன் ஏன் விழுந்தான் என்று ஒரு மணி நேரமேனும் மாணவருடன் ஆசிரியர் பேசுவாராயின், நாளை ஒரு முத்திரை சற்று நிதானித்து விழும். அந்நிதானத்தால் ஒரு குடும்பம் நிம்மதியாக உறங்கக்கூடும்.