நாவும் நெஞ்சமும்

மனித உள்ளத்தைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர். ஒருவனது செயலையும் சொல்லையும் கொண்டே அதனை உய்த்துணர வேண்டியிருக்கின்றது. செயல் நிகழ்வதற்குக் காலமும் வாய்ப்பும் வேண்டும். சொல்லோ கணந்தோறும் பிறப்பது. ஆதலின் சொல்லானது உள்ளத்துக்குச் சான்றாகுமா என்னும் வினா ஒழுக்கவியலில் முக்கியத்துவம் பெறுகின்றது. இவ்வினாவுக்குக் கிறித்தவ போதனை தரும் விடை மேலோட்டமாக நோக்குமிடத்து எளியது. ஆழ்ந்து நோக்குமிடத்து அதனுள் ஒரு முரண்பாடு உண்டெனத் தோன்றும்.

மத்தேயு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில், பேய்பிடித்துக் குருடும் ஊமையுமாயிருந்த ஒருவன் யேசுவிடம் கொண்டுவரப்படுகின்றான். அவன் குணமடைந்து பேசத் தொடங்குகின்றான். இதனைக் கேள்வியுற்ற பரிசேயர், பேய்களின் தலைவனது துணைகொண்டே யேசு பேய்களை ஓட்டுகின்றார் எனப் பழிக்கின்றனர். பேச்சற்றிருந்தவன் பேச்சைப் பெற்ற வேளையிலே, பேச்சில் வல்லோர் தம் பேச்சை இவ்வாறு பயன்படுத்தினர். இதற்கு மறுமொழியாகவே, மரத்தின் தன்மையைக் கனி காட்டுவது போல, உள்ளத்தில் நிரம்பியிருப்பதை வாய் காட்டிவிடுகின்றது என்னும் கருத்தை யேசு முன்வைக்கின்றார். லூக்கா நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்திலும் இக்கருத்து இடம்பெறுகின்றது. உள்ளத்தை ஒரு கருவூலமாக இவ்விரு நூல்களும் உருவகிக்கின்றன. கருவூலம் ஒரு நாளில் நிரம்புவதன்று. நெடுங்காலம் சேர்த்து வைத்தவையே அதிலிருந்து வெளிவரும்.

ஆயினும் அதே மத்தேயு நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில், உதட்டினால் இறைவனைப் போற்றி உள்ளத்தால் அவரை விட்டு விலகி நிற்போரை யேசு கண்டிக்கின்றார். ஏசாயா தீர்க்கதரிசியின் கூற்றை அவர் அங்கு நினைவூட்டுகின்றார். வாய் உள்ளத்தைக் காட்டுவது உண்மையாயின், வாய் ஒன்றும் உள்ளம் வேறொன்றுமாய் இருத்தல் எங்ஙனம் கூடும்? சொல் உள்ளத்தின் சாளரமா, அன்றி அதனை மூடும் திரையா?

இதற்கான விடையின் ஒரு பகுதி 12ஆம் அதிகாரத்திலேயே உள்ளது. மனிதர் பேசும் வீண்சொற்களுக்கும் நியாயத்தீர்ப்பு நாளிலே கணக்குக் கொடுக்க வேண்டுமென யேசு அங்கு எச்சரிக்கின்றார். வீண் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லாகிய ‘ஆர்கொஸ்’ என்பது வேலையற்றது என்னும் கருத்தைத் தருவது. ஆயத்தம் செய்யப்பட்ட சொல்லுக்கு ஒரு வேலை உண்டு: அது பிறரை இணங்கச் செய்யவோ, புகழைத் தேடவோ, குற்றத்தை மறைக்கவோ அனுப்பப்படுகின்றது. வேலையற்ற சொல்லுக்கு அத்தகைய நோக்கம் எதுவுமில்லை. ஆதலால் அதனைக் காவல் செய்வாரும் இல்லை. சபையில் ஆற்றும் உரையிலும் பார்க்க, வேடிக்கையாகவும் சினத்திலும் எளியோரிடத்தும் உதிரும் சொற்களே உள்ளத்துக்குத் தக்க சான்று எனக் கொள்வது பொருந்தும்.

எனினும் இவ்விடையும் முற்றானதன்று. யேசு கைதான இரவில், பேதுரு அவரை அறியேன் என மும்முறை மறுத்தார். அச்சத்தில் திடீரெனப் பிறந்த அச்சொற்கள் காவலின்றி வெளிப்பட்டவையே. அவற்றை மட்டும் கொண்டு பேதுருவின் உள்ளத்தைத் துணிவதாயின், அவரிடம் அன்பென்பதே இல்லையென முடிவுசெய்ய நேரும். ஆனால் அவர் மனங்கசந்து அழுதார் என நற்செய்தி கூறுகின்றது. அச்சமும் அவருடையதே, அன்பும் அவருடையதே. அங்கு நின்றோர் பேதுருவின் பேச்சு வழக்கே அவரைக் காட்டிக்கொடுக்கின்றது என்றமையும் கருதத்தக்கது. சொல்லின் பொருள் பொய்யுரைக்க, சொல்லும் முறை அவர் யேசுவின் கூட்டத்தவர் என்ற உண்மையை உரைத்தது. உள்ளம் ஒருபடித்தானதன்று, ஆதலின் அதனைக் காட்டும் சொல்லும் ஒருபடித்தானதன்று.

இச்சிக்கல் பிற்காலச் சிந்தனையாளரையும் ஈர்த்தது. கி. பி. 395 அளவில் பொய்யைப் பற்றித் தனிநூல் எழுதிய ஒகஸ்தீன், உள்ளத்தில் ஒன்றை வைத்து வேறொன்றைக் கூறுவோனே பொய்யன் என்றார். தவறானதை உண்மையென நம்பிக் கூறுவோன் அவர் கருத்துப்படி பொய்யனல்லன். எந்நோக்கத்துக்காகவும் பொய் ஆகாது என்பது அவர் துணிபு. நாசி ஆட்சியை எதிர்த்து நின்ற ஜேர்மனிய இறையியலாளர் டீற்றிக் பொன்ஹோபர் இதனை வேறு நிலையிலிருந்து நோக்கினார். 1943இல் கைதாகிப் பேர்ளினிலுள்ள தேகல் சிறையிலிருந்தபோது, உண்மை பேசுதல் என்பதன் பொருள் பற்றி அவர் எழுதத் தொடங்கிய கட்டுரை முற்றுப்பெறவில்லை. அதில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றார். தந்தை குடித்துவிட்டு வீடு திரும்புவது உண்மையா என ஆசிரியர் வகுப்பார் முன்னிலையில் ஒரு சிறுவனைக் கேட்கின்றார். உண்மையே ஆயினும் சிறுவன் இல்லையென்கின்றான். கேட்கத் தகாததைக் கேட்ட ஆசிரியரையே குற்றம் சாரும் என்பது பொன்ஹோபரின் கருத்து. சொல் பொய்யாயினும், குடும்பத்தின்பால் அவனுக்கிருந்த பற்று மெய். பிறர் உயிர்கள் தம் வாய்ச்சொல்லில் தங்கியிருக்க விசாரணைக்கு உள்ளான ஒருவர் இதனை எழுதினார் என்பதை மறத்தலாகாது. 1945 ஏப்பிரல் 9இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இவற்றை ஒருசேர நோக்கின், இப்போதனை எவர் கையில் எவ்வாறு பயன்படத் தக்கது என்பது தெளிவாகும். பிறரது ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு அவர் உள்ளத்துக்குத் தீர்ப்பெழுத முனைவோர்க்கு இது துணைநில்லாது. அச்சொல் எத்தகைய அச்சத்தில், எவருடைய தகாத வினாவுக்கு விடையாகப் பிறந்தது என்பதைக் கேட்போர் முழுதும் அறியார். யேசுவே பரிசேயரைக் கண்டித்தாரன்றோ எனலாம். உள்ளங்களை அறிபவர் அவர் என்பது கிறித்தவ நம்பிக்கை. கேட்டு நின்றோர்க்கு அவ்வறிவு வழங்கப்படவில்லை. பிறரைத் தீர்ப்பிடாதீர் என்னும் கட்டளையே அவர்களுக்கு வழங்கப்பட்டது.

ஆயின் தன் சொல்லைத் தானே செவிமடுப்பவனுக்கு இப்போதனை தப்பவொண்ணாத சான்றாகும். தான் சொன்னது எங்கிருந்து வந்தது என அவன் வினவலாம். விடையை அவனிடமிருந்து மறைப்பார் எவருமிலர். நாவுக்குக் கடிவாளமிடுமாறு யாக்கோபின் நிருபம் வற்புறுத்துகின்றது. அது வேண்டுவதே, ஆனால் கடிவாளம் மட்டும் கருவூலத்தை மாற்றாது. சேர்த்து வைப்பதை மாற்றுவோனே ஈற்றில் தன் சொல்லையும் மாற்றுகின்றான்.