வயதின் மேல் பழி போடாதீர்கள்!

"அம்பது தாண்டிடுச்சு. ஒண்ணும் மண்டையில நிக்க மாட்டேங்குது."

யார் சொன்னது? எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்? தீர்ப்பையும் நீங்களே எழுதி, கையெழுத்தையும் நீங்களே போட்டுக்கொண்டீர்கள்!

கிருத்திகையன்று திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். சிதம்பர சுவாமிகள் அந்தக் கோயில் மீது பாடிய சந்நிதி முறையில் 726 பாட்டு. அதில் பத்தையாவது புத்தகம் இல்லாமல் சொல்லும் பாட்டி ஒருவர் இருப்பார். அவர் வயதென்ன? உங்கள் வயதென்ன?

"அது பிறவி வரம்" என்பீர்கள். அடுத்த சாக்கு!

சென்னையில் பிறந்த ராஜன் மகாதேவன் 1981-இல் 'பை' எண்ணின் 31,811 இலக்கங்களை ஒப்பித்துக் கின்னஸில் ஏறினார். அமெரிக்க உளவியலாளர்கள் அவரை விடவில்லை. ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள்.

எண்களை எடுத்துவிட்டுப் பழக்கமில்லாத குறிகளை நீட்டினார்கள். என்ன ஆயிற்று? உலக சாதனையாளர் நம்மைப் போலத்தான் தடுமாறினார்!

ஓடிப்போனாரா? இல்லை. பழகினார். குறிகளும் வசப்பட்டன!

சியாட்டிலில் 1956 முதல் ஒரே ஆட்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தார் உளவியலாளர் வார்னர் ஷாய். வேகம் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொல்வளம் அறுபதிலும் அசையவில்லை.

அதே ஆய்வில் 64 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐந்தே ஐந்து மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். மூன்றில் இரண்டு பேர் முன்னேறினார்கள்! அது நினைவுக்கான பயிற்சி அல்ல, பகுத்தறியும் திறனுக்கோ வடிவங்களை மனத்தில் திருப்பிப் பார்க்கும் திறனுக்கோ ஆனது. இருக்கட்டுமே, அதே மண்டைதானே!

(வீட்டுக்குப் போகும் வழியே மறக்கிறதா? அது வேறு. இன்றே டாக்டரைப் பாருங்கள்.)

உங்கள் உண்மையான எதிரி பயம். பேரை மாற்றிச் சொல்லி அசிங்கப்பட்டுவிடுவோமோ என்ற பயம்! அதனால் முயலுவதே இல்லை.

முயன்றால் என்ன ஆகும்? 2006-இல் வெளியான ஆய்வில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் மாணவர்களைக் கூட்டங்களாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொன்று படித்தபின் தாளை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதியது.

ஐந்து நிமிடத்தில் சோதித்தால் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து? மூடிவிட்டு முட்டி மோதியவர்கள் எங்கோ போய்விட்டார்கள்!

அந்தத் திணறல்தான் பயிற்சி. தெரிகிறதா?

போனைக் கவிழ்த்து வையுங்கள். உங்கள் மகளின் நம்பர் என்ன? பார்க்காமல் சொல்லுங்கள். தப்பா? மறுபடியும்!