திடல் எவ்வளவு தூரம்?

வீடு வாங்கப் போகும் இளம் பெற்றோர் பள்ளி எங்கே, கடை எங்கே, நெடுஞ்சாலைக்கு எத்தனை நிமிடம் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். பிள்ளை ஓடியாடத் திடல் எங்கே என்று கேட்பவர் அரிது. முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பேன்.

ஜொகூரின் ரெங்கம், லாயாங் லாயாங், உலு திராம் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. தொழிலாளர் லயத்து வீட்டை விட்டு இறங்கினாலே விளையாட இடம். இருட்டிய பிறகு அம்மா கூப்பிட்டால்தான் வீடு திரும்புவார்கள். ஆனாலும் அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. குடற்புழுவும் இரத்தசோகையும் பல பிள்ளைகளை வாட்டின. களைக்கொல்லி அடித்துவிட்டு வந்த தாயின் உடையில் நஞ்சு ஒட்டியிருந்தது. சுற்றி மரமும் வெளியும் இருப்பது மட்டும் பிள்ளையைக் காப்பாற்றிவிடாது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 2006இல் ஜொகூரில் இஸ்கண்டார் வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் செம்பனை நின்ற நிலங்களில் வீடமைப்புகள் எழுந்தன. தோட்டத்தை விட்ட நம்மவர் பலர் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். கிளினிக் பக்கத்தில் வந்தது நல்லதுதான். ஆனால் ஐந்தாம் மாடியிலிருந்து ஆறு வயதுப் பிள்ளையைத் தனியே கீழே அனுப்ப எந்தத் தாய் துணிவாள்? கீழே முழுக்கக் கார்கள். பிள்ளை கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுகிறது.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, 5 முதல் 17 வயதுவரையுள்ள மலேசியப் பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினருக்கு எடை மிகுதி அல்லது உடற்பருமன். இனிப்புப் பானத்துக்கும் தீனிக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாளுக்கு 60 நிமிட உடலியக்கத்துக்கு இடம் எங்கே?

கண்ணுக்கும் வெளி வேண்டும். சீனாவின் குவாங்சோவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாள்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் அது 39.5 விழுக்காடு. பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமைனைச் சுரக்கவைத்து, விழி அளவுக்கு மீறி நீளாமல் தடுக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் ஊர் வெயிலிலோ நிழலில்லாத திடலில் மாலைவரை யாரும் கால் வைக்கமாட்டார்கள். அதனால்தான் திடலைச் சுற்றி மரம் வேண்டும் என்கிறேன்.

வார இறுதியில் குனோங் பூலாய் மலைக்குக் கூட்டிப்போங்கள், நல்லதுதான். ஆனால் வாரத்தில் ஒருநாள் மலையேறுவது தினசரி விளையாட்டுக்கு ஈடாகாது.

வீடமைப்புத் திட்டங்களில் திறந்தவெளிக்கென்று இடம் ஒதுக்குகிறார்கள். அது பெரிய சாக்கடை ஓரத்திலோ மின்கோபுரத்தின் அடியிலோ அமைந்துவிட்டால் வரைபடம் நிறையும், பிள்ளைக்குப் பயனில்லை. ஆகவே வீடு பார்க்க மாலை ஆறு மணிக்குப் போங்கள். திடலில் பிள்ளைகள் ஆடுகிறார்களா என்று பாருங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் ஒன்றுசேர்ந்து, நிழல்மரமும் விளக்கும் பாதுகாப்பான நடைபாதையும் வேண்டுமென்று நகராண்மைக் கழகத்திடம் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள்.