வினைப்பயனும் வைத்தியரின் அறிக்கையும்

இரண்டரை வயதாகியும் பேச்சு வராத பிள்ளைக்கும், வகுப்பில் ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளைக்கும் ஓட்டிசமோ ஏ.டி.எச்.டி.யோ உண்டா என்று பார்ப்பதா, விடுவதா என்ற கேள்வி கண்டி வீடுகளில் மெதுவாகவே வாய்விட்டுக் கேட்கப்படுகிறது. குடும்பநல உத்தியோகத்தர் நிறை பார்க்கும் நாளில், சுகாதாரப் பதிவேட்டைப் பார்த்து “எத்தனை சொல் சொல்கிறான்?” என்று கேட்பார். தாய் தடுமாறுவாள். வீட்டில், “ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் பேசும்” என்பார்கள். சாதகம் பார்ப்பார்கள், கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைப்பார்கள். பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருந்தும், அங்கே போகத் துணிவதற்குள் மாதங்கள் கழிந்துவிடும்.

இத்தயக்கத்தின் அடியில் பல வேளை வினை பற்றிய எண்ணம் இருக்கிறது. முற்பிறப்பின் பயன் என்றால் அறிக்கையால் ஆவதென்ன? வினையை ஏற்கும் சமயங்களே இதற்கு இடம் கொடுக்கவில்லை. அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது, வினை என்று சொல்லிச் சும்மா கிடப்பதைக் குறையாகக் கண்டே சம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார். பௌத்தத்தின் சீவக சூத்திரம் துன்ப உணர்வுக்குப் பித்தம், வாதம், பருவமாற்றம் என எட்டுக் காரணங்களை எண்ணுகிறது. வினை அவற்றில் ஒன்று மட்டுமே.

புத்தரின் சீடரான சூளபந்தகரின் கதை இன்னும் ஆழமானது. நாலு மாதம் முயன்றும் அவருக்கு ஒரு செய்யுள் மனனமாகவில்லை. துறவியான தமையனே அவரை மடத்தை விட்டுப் போகச் சொன்னார். வாசலில் அவரைக் கண்ட புத்தர் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து, அழுக்கு நீங்குவதாகச் சொல்லிச் சொல்லித் தடவச் சொன்னார். கைபட்டுத் துணி கறுத்தது. நிலையாமை அவருக்கு விளங்கியது. அவருடைய மந்தத்துக்கு முற்பிறப்பு வினையையே பௌத்த உரைகாரர் காரணம் சொல்கிறார். அதே கதையில்தான் பாடமும் மாற்றப்படுகிறது. காரணம் வினையாகவே இருந்தாலும் கற்பிக்கும் முறையை மாற்றும் கடமை நீங்குவதில்லை.

பரிசோதனைக்கு எதிரான வாதமும் அற்பமானதல்ல. மனிதரை வகைப்படுத்தும் பெயர், அம்மனிதரையே மாற்றிவிடும் என்று கனடிய மெய்யியலாளர் இயன் ஹாக்கிங் 1995இல் எழுதினார். பிள்ளை அப்பெயர் வழியாகவே தன்னைப் பார்க்கத் தொடங்கலாம். நரம்பியல் பன்மைத்துவம் பேசுவோர் ஓட்டிசம் போன்றவற்றை நோயென்று கொள்ளாமல் வேறுபாடென்றே கொள்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் பாடசாலை அனுமதியில் பாகுபாட்டைத் தடுத்தாலும், அதிபர் என்ன சொல்வாரோ, தங்கையின் கல்யாணப் பேச்சு என்னாகுமோ என்ற பயம் பெற்றோருக்கு உண்டு.

ஆனால் பெயரில்லாத பிள்ளைக்கும் பெயர்கள் கிடைத்துவிடுகின்றன: பிடிவாதக்காரன், சோம்பேறி, சொல்வழி கேளாதவன். அவற்றோடு அடியும் சேர்ந்து வரும். அறிக்கை இருந்தால் பேச்சுப் பயிற்சி காலத்தோடு தொடங்கலாம், பரீட்சைச் சலுகை கேட்கலாம், பிரம்பையும் கீழே வைக்கலாம்.

மூன்று வயதுப் பிள்ளையிடம் சம்மதம் கேட்க முடியாது. பேச்சே வராதபோது காத்திருப்பதும் ஒரு முடிவுதான். அதில் இழக்கப்படுவது பிள்ளையின் காலம். நன்றாக வாசித்து, நண்பரோடு பழகி, சத்தத்துக்கு மட்டும் அஞ்சும் பத்து வயதுப் பிள்ளையின் நிலை வேறு; அதனிடமே கேட்டு முடிவெடுக்கலாம். அறிந்துகொள்வதும் ஊருக்கு அறிவிப்பதும் ஒன்றல்ல. வகுப்பாசிரியருக்குத் தெரிய வேண்டும். கல்யாணத் தரகருக்குத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைக்கு, விளங்கும் வயதில், பெற்றோர் வாயாலேயே தெரிய வேண்டும்.