இரண்டரை அங்குலம்

எங்கள் வீட்டுப் பரணில் ஐந்து பயணப் பைகள் இருக்கின்றன. ஒன்று, கல்யாணச் சீராக வந்த சூட்கேஸ். என்னை அனுப்பி வைத்தபோது என் துணிகளை அதில் வைத்து அனுப்பினார்கள். இரண்டாவது, மருந்துக்கடை வைத்திருக்கும் என் கணவருக்கு ஒரு கம்பெனி இலவசமாகக் கொடுத்த தோள்பை. பத்தாண்டுகளாகக் கருத்தரங்குகளுக்கு அதைத்தான் கொண்டுபோனேன். அதன் முன்பக்கத்தில் ஒரு வயிற்றுப்புண் மாத்திரையின் பெயர் இருக்கும். மூன்றாவது, ஜவுளிக்கடைக்காரர்கள் கொடுத்தது. நான்காவது, மகனுக்குப் பள்ளியில் கொடுத்தது. ஐந்தாவது, ஏதோ ஒரு பயிலரங்கில் கிடைத்தது. நாற்பத்தாறு வயது, முனைவர் பட்டம், மூன்று கவிதைத் தொகுப்புகள், மாதச் சம்பளம் எல்லாம் இருந்தும் நானாக வேண்டும் என்று நினைத்து அடைந்த பை ஒன்றுகூட என்னிடம் இல்லை. போன கோடை விடுமுறையில்தான் இது எனக்கு உறைத்தது.

சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பத்து நாள் உட்கார்ந்து பழைய பெண்கள் பத்திரிகைகளைப் படிக்கத் திட்டமிட்டிருந்தேன். போகும்போது நான்கு புடவைகளும் ஒரு நோட்டும் போதும். வரும்போது நகல்களும் புத்தகங்களும் சேர்ந்துவிடும். போகையில் சிறிதாகவும் வருகையில் பெரிதாகவும் இருக்கும் முதுகுப்பை ஒன்று வேண்டியிருந்தது. கடையில் கிடைக்கும்தான். ஆனால் என் சித்தி, “நாலு முழம் கித்தானும் ஒரு ஜிப்பும் வாங்கிட்டு வா தாயி, நம்மளே தச்சிருவோம்” என்றாள்.

சித்தியின் தையல் மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைத்தது அது. ஆதரவற்ற விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள் போன்ற வகைகளில் ஒன்றில் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். தன்னை ஒருவன் கைவிட்டான் என்பதற்குச் சான்று வாங்க சித்தி அலைந்த அலைச்சல் எனக்கு நினைவிருக்கிறது. அந்தத் தாளை இன்னும் மிஷினின் இழுப்பறையில், பாபின்களுக்கு அடியில் வைத்திருக்கிறாள். எந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தி, தையல் எந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்று 1924-இல் ஒரு மாணவரிடம் சொன்னார். 1851-இல் காப்புரிமை வாங்கிய ஐசக் சிங்கர், ஒரே காலத்தில் பல பெண்களோடு குடும்பம் நடத்தி இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பனானவர். இதைச் சித்தியிடம் சொன்னேன். “அப்ப இது நமக்குச் சரியான மிஷின்தான்” என்று சிரித்தாள்.

விரியும் பையின் சூட்சுமம் மிக எளிது. பையின் சுவரில் சுற்றிலும் ஒரு துணிப்பட்டையைக் கூடுதலாக வைத்துத் தைக்க வேண்டும். அந்தப் பட்டையின் இரண்டு ஓரங்களையும் ஒரு ஜிப் இணைக்கும். ஜிப்பை மூடினால் பட்டை உள்ளே மடிந்து மறைந்துவிடும், திறந்தால் வெளியே வந்து நிற்கும். நாங்கள் எடுத்த அளவு உயரம் 18 அங்குலம், அகலம் 12, ஆழம் 5. விரியும் பட்டை இரண்டரை அங்குலம். இரண்டு பக்கமும் தையலுக்கு அரை அங்குலம் விட்டு மூன்றரையாக வெட்ட வேண்டும். சுற்றளவு 60 அங்குலம் என்பதால் தனி ஜிப் பற்றாது, முழமாக விற்கும் ரோல் ஜிப் வாங்கி ரன்னரைக் கோத்துக்கொள்ள வேண்டும். கித்தானுக்கு 18-ஆம் நம்பர் ஊசி. நான்கு மடிப்பு சேரும் மூலைகளில் காலால் மிதித்தால் ஊசி முறியும். அங்கே மட்டும் சக்கரத்தைக் கையால் உருட்டித் தையல் தையலாகப் போக வேண்டும். மூடினால் சுமார் 18 லிட்டர், திறந்தால் 26 லிட்டருக்கு மேல். இரண்டரை அங்குலத் துணி, பையை ஒன்றரை மடங்காக்கிவிடுகிறது.

ஆனால் முதல்முறை நான் தப்பாகத் தைத்தேன். விரியும் பட்டையை முதுகுப் பக்கத்தை ஒட்டி வைத்துவிட்டேன். மூடியிருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. திறந்து புத்தகங்களை அடுக்கித் தோளில் மாட்டியதும் பை முழுவதும் முதுகைவிட்டு விலகித் தொங்கி, தோள்பட்டை இரண்டையும் பின்னால் இழுத்தது. மொத்தப் பாரமும் அந்த மெல்லிய பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. சித்தி பார்த்துவிட்டுச் சொன்னாள்: “முதுகுப் பக்கம் விரியக் கூடாது தாயி. முதுகு அசையாம நின்னாத்தான் முன்னால ஏத்த முடியும். எல்லாப் பக்கமும் விரிஞ்சா அது பையா, சாக்கு.” 60 அங்குலத் தையலையும் பிளேடால் பிரித்து, பட்டையை முன்பக்கத்துக்கு மாற்றினோம். பிரித்த ஊசித்துளைகள் கித்தானில் இன்னும் வரிசையாகத் தெரிகின்றன.

தையலைப் பிரித்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம்தான் இந்தக் கேள்வி வந்தது. விரிந்து கொடுப்பது எப்போது நற்குணம்? எப்போது அது வெறும் சாக்காகிப் போவது?

நம் ஊரில் பெண்ணைப் பாராட்டும் சொற்களைக் கவனித்துப் பாருங்கள். அனுசரித்துப் போகிறவள், இடம் கொடுக்கிறவள், மனசு பெருசு. எல்லாமே கொள்ளளவைப் பற்றிய சொற்கள். சின்னப் பெண்ணுக்குப் பாவாடை தைக்கும்போதே கீழே இரண்டு டக் பிடித்துத் தைப்போம். வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் வளர வளர எட்டும். ஜாக்கெட்டில் உள்பக்கம் துணி விட்டுத் தைப்போம். துணியில் அவள் வளர்வதற்கு இடம் விடுகிறவர்கள், பிறகு அவளுக்குள் மற்றவர்கள் வளர்வதற்கு இடம் கேட்கிறோம்.

விரியும் பை எங்கள் கரிசல் காட்டுக்குப் புதிதில்லை. என் அம்மா பருத்தி எடுக்கப் போனவள். மாசி, பங்குனி வெயிலில் காய் வெடித்து நிற்கும் காட்டில், சேலையை இடுப்பில் சுற்றி முன்பக்கம் தொட்டிலாக மடி கட்டிக்கொள்வாள். காலையில் அந்த மடி ஒட்டிக் கிடக்கும். மதியத்துக்குள் நிறைமாதக்காரி போல நிற்பாள். வரப்போரத்துச் சாக்கில் கொட்டிவிட்டு மறுபடியும் ஒட்டிய மடியோடு நிரைக்குள் போவாள். சாயங்காலம் எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மடி அவளுடையது. உள்ளே இருந்தது காட்டுக்காரருடையது. ‘மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்’ என்று பழமொழி சொல்கிறோம். அம்மாவுக்கு மடியில் கனம் இருந்தது, பயம் மட்டும்தான் இல்லை. களவு போனாலும் அது அவளுடையது இல்லையே.

என் பாட்டியிடம் வேறொன்று இருந்தது, சுருக்குப்பை. ஒரு சாண்கூட இருக்காது. வெற்றிலை, பாக்கு, கொஞ்சம் சில்லறை, மடித்து மடித்து நைந்த ஒரு பத்து ரூபாய்த் தாள். கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும், இடுப்பில் செருகிவிடுவாள். அதற்குள் கைவிட வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை, தாத்தாவுக்கும்தான். எங்கள் குடும்பத்துப் பெண்களிடம் இருந்தவை இந்த இரண்டும்தான். விரியும், ஆனால் தனதல்லாத மடி. தனதான, ஆனால் விரியாத சுருக்குப்பை.

மனிதர் செய்துகொண்ட முதல் கருவி ஆயுதமாக இருக்காது, சேகரித்ததைச் சுமந்துவரும் பையாகவோ வலையாகவோ தூளியாகவோதான் இருந்திருக்கும் என்று எலிசபெத் ஃபிஷர் 1979-இல் எழுதினார். 1986-இல் உர்சுலா கே. லெ குவின் அதை எடுத்துக்கொண்டு, கதை என்பதே ஒரு பை என்று கட்டுரை எழுதினார். வகுப்பில் இதைப் பாடம் எடுக்கும்போது எனக்கும் மாணவிகளுக்கும் உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் அம்மாவின் மடியை நினைத்தால் அந்த உற்சாகம் கொஞ்சம் வடிந்துவிடுகிறது. பையைக் கண்டுபிடித்தவள் பெண் என்று பெருமைப்படுவதற்கு முன், வீடு வந்து சேர்ந்ததும் பையைக் கொட்டச் சொன்னது யார் என்று கேட்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமாக, எதையும் சுமக்காமல் போவதைத்தான் நம் மரபு உயர்ந்தது என்கிறது. எங்களுக்குப் பக்கத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன், 1896-இல் மதுரையில் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டைவிட்டுக் கிளம்பினார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனார். திருவண்ணாமலையில் மிச்சமிருந்த காசையும் குளத்தில் எறிந்தார். ரமண மகரிஷியாக உலகம் அறிந்த அவருடைய துறவை நான் குறைத்துப் பேசவில்லை. என் கண் அவருடைய அம்மா அழகம்மாள் மேல்தான் போகிறது. மகனைத் தேடிப் போய் அழைத்தும் அவர் திரும்பவில்லை. 1916-இல் அவரோடு மலையிலேயே வந்து தங்கினார். அங்கே அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கியவர் அவர். 1922-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். மகன் வெறுங்கையோடு போனார். அம்மா போன இடத்துக்குப் பாத்திரங்களும் வந்தன. வெறுங்கை நம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கக்கூடியது இல்லை.

என் பயணத்துக்கு வருகிறேன். கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி பையைக் கூடத்தில் வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் ஜிப் திறந்திருந்தது. சென்னையில் இருக்கும் நாத்தனாருக்காக மூன்று கிலோ கருப்பட்டி, இரண்டு கிலோ உளுந்து, காராச்சேவுப் பொட்டலம். அத்தைதான் வைத்திருந்தார். “எடம் இருக்குனு தம்பி சொன்னான்” என்றார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பாசத்தில் செய்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சுமந்துகொண்டு போய்ச் சேர்த்தேன். திரும்பும்போது நாத்தனாரும் ஒரு பொட்டலம் கொடுத்தார். நூலகத்தில் எடுத்த நகல்களை ஒரு மஞ்சப்பையில் போட்டு, ராத்திரி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன்.

இதை அம்மாவிடம் சொல்லிக் குறைப்பட்டேன். அவள் என் பக்கம் பேசவில்லை. “நீ மதுரைல ஹாஸ்டல்ல படிச்சப்ப உனக்கு யாரு சோறு கொண்டாந்தா? பஸ்ல போற வாறவகதானத்தா? எடம் இருக்குறவகிட்டத்தான குடுக்க முடியும்” என்றாள். உண்மைதான். வாரம் தவறாமல் யாரோ ஒருவரின் பையில் எனக்காகத் தூக்குவாளி வந்தது. என் முனைவர் பட்டம் முகம் தெரியாத பலருடைய பைகளில் ஊர்ந்து வந்தது. அவர்களெல்லாம் ஜிப்பை மூடியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆகவே ‘எனக்கு மட்டும்’ என்று சொல்லி இந்தக் கேள்வியை முடித்துவிட என்னால் முடியவில்லை.

ஆனால் அம்மாவே அறியாமல் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியிருந்தாள். பஸ்ஸில் வந்தவர்களிடம் அம்மா கேட்டாள். நிறுத்தத்தில் நின்று, “மதுரைக்கா போறீக? இதக் கொஞ்சம் கொண்டுபோய்க் குடுத்துருவீகளா?” என்று கேட்டாள். முடியாது என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களை அவள் திட்டியதில்லை, அடுத்த பஸ்ஸுக்காக நின்றாள். என் பையை யாரும் கேட்கவில்லை. இடம் இருக்கிறது என்பதே சம்மதமாகிவிட்டது. கேட்டிருந்தால் நான் ஒருவேளை சரி என்றே சொல்லியிருப்பேன். அப்போது கருப்பட்டியின் எடை அதேதான். ஆனால் நான் கொடுத்தவளாக இருந்திருப்பேன்.

அடுத்த முறை சென்னை போனபோது ஜிப்பை மூடி, ரன்னரில் ஒரு சின்னப் பூட்டுப் போட்டேன். அத்தைக்கு வருத்தம். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அந்த வருத்தம் நியாயமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் கேட்காமலே கிடைத்தது நின்றுபோனால் யாருக்கும் வலிக்கும். அந்த வலிக்காகத் திறந்துவிடுவதா என்பதுதான் கேள்வி. நான் திறக்கவில்லை.

இந்த வருடம் ஜனவரியில் இறுதியாண்டு மாணவி ஒருத்தி துறைக்கு வந்தாள். ஒரு ஃபைலை நீட்டி, “அம்மா, இது உங்ககிட்ட இருக்கட்டுமா?” என்றாள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். மேற்கொண்டு படிக்க வைப்பதாகச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். அவள் அக்காவையும் அப்படிச் சொல்லித்தான் கேட்டார்கள். அக்காவின் சான்றிதழ்கள் மூன்று வருடமாக மாமியார் வீட்டுப் பீரோவில் இருக்கின்றன.

அவள் அப்பாவை எனக்குத் தெரியும், நெசவாளர். அவரிடம் நானே சேலை வாங்கியிருக்கிறேன். தெருவில் பார்த்தால் நின்று நலம் விசாரிப்பார். அவருக்குத் தெரியாமல் அவர் மகளின் பொருளை நான் வைத்துக்கொள்வது சரியா? அன்று இரவு தூங்கவில்லை. மறைப்பது தப்பு என்று பட்டது. இருபது வயதுக்காரி தன் பொருளை எங்கே வைப்பது என்று தானே முடிவு செய்வதில் மறைப்பு என்ன என்றும் பட்டது. அவர் கேட்டால் பொய் சொல்வதில்லை என்றும், அவர் கேட்பதற்கு முன் நானாகச் சொல்வதில்லை என்றும் முடிவு செய்தேன். அது முழுக்கச் சரியான முடிவா என்று இன்றும் நிச்சயமில்லை. ஒவ்வொரு முறை அவர் நின்று, “நல்லாருக்கீகளா டீச்சர்?” என்று கேட்கும்போதும் எனக்கு உள்ளே ஒரு தையல் இழுபடுகிறது.

பூட்டைத் திறந்து, அந்த ஃபைலைப் பைக்குள் வைத்தேன். ஃபைல் அகலமானது, மூடிய பைக்குள் நிமிர்ந்து நிற்காது. அதனால் பட்டை விரிந்தேதான் இருக்கிறது. ஏப்ரலில் தஞ்சாவூருக்கு ஒரு கருத்தரங்குக்குப் போக வேண்டியிருந்தது. சான்றிதழ்களோடு பையைத் தூக்கிக்கொண்டு அலைய மனமில்லை. பரணிலிருந்து வயிற்றுப்புண் மாத்திரைப் பையை இறக்கித் தட்டிவிட்டு எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் அவள் போன் செய்தாள். பி.எட். விண்ணப்பம் வந்துவிட்டதாம். “பத்திரமா இருக்காம்மா?” என்றாள். இருக்கிறது என்றேன். எப்போது வந்து எடுத்துக்கொள்வாள் என்று நான் கேட்கவில்லை.